சிரட்டையால் கீறிய சிவப்பு

என் அன்பு அப்பா, கோபிக்காமல் கேளுங்கள்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சனம் வரும், வீடு பளிச்சென்று இருக்கவேண்டும் என்று எல்லாவற்றையும் கழுவினேன். கடைசியாக உங்கள் மோட்டார் சைக்கிளில் கை வைத்தேன். அதன் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் மூடிகள் இரண்டும் வெளிறி, கீறல் கீறலாகக் கிடந்தன. "மனுசன் ஒருநாளும் துடைக்கேல்லை" என்று உங்களைத் திட்டிக்கொண்டுதான் தொடங்கினேன்.

மெல்லிய அரத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். வெளிறின தோல் கரைய, உள்ளேயிருந்து சிவப்பு வந்தது. பிறகு பற்பொடியைக் குழைத்து இரண்டு நாள் தேய்த்தேன். முடிவில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். முகம் பார்க்கலாம் அப்பா!

அந்தியேட்டியன்று சித்தப்பா வேலிப் படலையடியிலேயே நின்றுவிட்டார். "ஐயோ பிள்ளை, என்ன வேலை பார்த்தாய்! உந்த மூடியளைக் கொப்பரெல்லே தேங்காய்ச் சிரட்டையாலை சுரண்டி வைச்சவர். சண்டைக் காலம். வடிவாய்க் கிடந்தால் ஆரும் துவக்கோடை அவசர அலுவலெண்டு கேட்டு வருவினம், குடுத்தால் திரும்பி வராது. மாட்டன் எண்டு சொல்லேலுமே?"

நான் வட்டுக்கோட்டைக்கு வேலைக்குப் போன நேரம் பார்த்துத்தான் சுரண்டினீர்களாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை? என் ஓட்டை வாய்க்குப் பயந்தா?

அன்றிலிருந்து படலை கிரீச்சிட்டாலே ஓடிவந்து பார்க்கிறேன். அம்மாவின் காற்புண் இன்னும் ஆறவில்லை. வெள்ளிக்கு வெள்ளி மானிப்பாய் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டவேண்டும். பஸ்சில் ஏற அவவால் ஏலாது. பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெய் குடித்து இருமினாலும் இந்த மோட்டார் சைக்கிள்தான் அவவைக் கொண்டுபோகிறது. இதுவும் போனால் நான் என்ன செய்வேன்? நேற்று இரண்டு பேர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "நல்ல வடிவாய்க் கிடக்கு, என்ன?" என்று கதைத்துக்கொண்டு போனார்கள். சும்மாதான் பார்த்தார்களா?

இன்று காலை ஒரு சிரட்டையை உடைத்து எடுத்தேன். பாழாய்ப்போன மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். சர்ரென்று சத்தம்.

உள்ளே படுத்திருந்த அம்மா, "பிள்ளை, கொப்பர் திரும்பவும் சுரண்டத் தொடங்கிட்டாரோ?" என்று கேட்டா. பிறகு அவவுக்கே நினைவு வந்திருக்கவேண்டும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தா.

அழுதுகொண்டே மற்றப் பக்கத்தையும் கீறினேன். அடுப்புச் சாம்பலும் பூசிவிட்டேன். வெள்ளிக்கிழமை அம்மாவை ஏற்றிக்கொண்டு போவேன். இனி அதைத் துடைக்கவும் மாட்டேன், ஏன் என்று ஒருவருக்கும் சொல்லவும் மாட்டேன். உங்கள் மேல் ஆணை.

வாயை மூடப் பழகும்,
உங்கள் மூத்த மகள்