சாச்சிக்குச் சொன்ன பதில்

வெள்ளி, இரவு.

விடுமுறையில் ஊரான சாய்ந்தமருதுக்கு வந்தும் ஆய்வு நினைவில் மனம் அடங்கவில்லை. மார்புப் புற்றுநோயோடு இருக்கும் சாச்சியை, உம்மாவின் தங்கையை, பின்னேரம் பார்க்கப் போனேன்.

“மருந்து இப்ப கேக்குதில்லையாம் மகள். நீ கம்பியூட்டர்ல ஆராயிறது இதத்தானே?”

“ஓம் சாச்சி. மருந்துக்குச் சாகாமத் தப்புற புற்றுநோய்க் கலங்கள்தான் திரும்பப் பெருகுது.”

“அப்ப டொக்டர் சொல்ற புது மருந்த எடுக்கவா, விடவா? நீ சொல்றதத்தான் செய்வன்.”

நான் டொக்டர் இல்லை என்று சொல்லியும் அவர் விடவில்லை. கடைசியில், “எடுங்க” என்றேன். முகம் தெளிந்து எனக்குச் சோறு போட எழுந்தார்.

என் ஆய்வுத் தரவுகளில் அந்த மருந்தால் தேறியவர்களும் இருக்கிறார்கள். பலன் கிடைக்காதவர்கள் அவர்களைவிட அதிகம். சாச்சி அதைக் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. காலையில் அந்த மருந்தை எடுக்க அவர் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகும் போவாரா என்றுதான் தெரியவில்லை.