தோல் தரம் பார்ப்பவன் சொன்ன நல்ல வார்த்தைகள்

1958 ஜனவரி 10, வெள்ளி

கடும் பனி. மலைக்கோட்டை ஒன்பது மணி வரை தெரியவே இல்லை. ஜும்மா முடிந்து வந்து உட்கார்ந்ததும், சோறு போடும் முன்பே என் வீட்டுக்காரி கதீஜா ஆரம்பித்துவிட்டாள். மகள் நூர்ஜஹானுக்கு வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் நான் விரட்டிவிட்டேனாம். விரட்டவில்லை. உள்ளதைச் சொன்னேன். ஒருத்தன் கூன் போட்டு நடந்தான். இன்னொருத்தன் சிரித்தால் எண்ணெய் காணாத வண்டிச்சக்கரம். மூன்றாமவனிடம் என்ன குற்றம் என்பது மறந்துவிட்டது. ஏதோ இருந்தது.

இப்போது வந்திருப்பது நிலக்கோட்டை இஸ்மாயில் ராவுத்தர் மகன். கொடைரோடு ஸ்டேஷனில் கிளார்க். நூருக்குப் பிடித்திருக்கிறது. தாயிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் இல்லை. ஒத்துக்கொள்ளாதவர் ராவுத்தர்தான். எங்கள் தோல் பதனிடும் ஷாப்புக்கு ஆட்டுத்தோல் அனுப்புகிறவர் அவர். அதற்குத் தரம் போடுகிறவன் நான். என் மச்சான் ஷேக்கிடம் சொன்னாராம்: "என் தோலுல ஓட்டையைத் தவிர ஒண்ணையும் பாக்காத மனுசன், என் மகன்கிட்ட என்னத்தப் பாக்கப் போறாரு?"

ஷேக் கெஞ்சியதால் 19ஆம் தேதி ஞாயிறு அவரே வீட்டுக்கு வருகிறார். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகத்தான் வருகிறார் என்று க. அழுகிறாள். அதற்குள் வாயைப் பழக்க வேண்டுமாம். தினம் யாரையாவது பார்த்து ஒரு நல்ல வார்த்தை. சரி என்றேன். பொய் சொல்ல மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

ஜன. 11, சனி

பல்வலி. கிராம்பு வைத்தும் கேட்கவில்லை.

ஷாப்பில் தோல் சுரண்டும் மூக்கனிடம், உன் கத்தி எங்கேயும் ஆழமாகப் போவதில்லை, சுத்தமான கை என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டான். முகம் வெளுத்துவிட்டது. "என்னைய வேலைய விட்டு நிப்பாட்டப் போறீகளா, பாய்?" என்றான். இல்லையப்பா என்று புரியவைக்க அரை மணி நேரம். நல்ல ஆரம்பம்.

ஜன. 12, ஞாயிறு

பால்காரப் பேச்சியின் எருமை உண்மையிலேயே அழகு. என்ன மினுமினுப்பு. சொன்னேன். மாஷா அல்லாஹ் சொல்ல மறந்துவிட்டேன். கண்ணு வைக்காதீக என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். சாயங்காலம் அவள் வீட்டுப் பக்கமிருந்து மிளகாய் சுற்றிப் போட்ட நெடி. தெரு முழுக்க இருமல். க.வும் இருமினாள், இருமலுக்கு நடுவே சிரித்தாள்.

கற்றது: பொருளைப் புகழக் கூடாது. செய்த கையைப் புகழ வேண்டும்.

ஜன. 14, செவ்வாய்

பொங்கல். ஷாப் லீவு. மூக்கன் வீட்டிலிருந்து கரும்பு வந்தது. ஆள் இப்போது தெளிவாக இருக்கிறான்.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய். கூரைக்கு ஓடு. க.வுக்குத் தைலம்.

நூர் எனக்குப் பேப்பர் வாசித்துக் காட்டினாள். தினமும் வாசிப்பவள்தான். நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறாய் அம்மா, ஒரு சங்கதி கூட எனக்கு விட்டுப்போவதில்லை என்றேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இதையும் கெடுத்துவிட்டேனோ என்று உட்கார்ந்திருந்தேன். அழுதாள் என்று க. பிறகு வந்து சொன்னாள். சந்தோஷ அழுகைதானாம். இம்புட்டுதானா விஷயம்? இதையா இத்தனை நாள் பூட்டி வைத்திருந்தேன்?

ஜன. 16, வியாழன்

வத்தலக்குண்டு போய் வந்தேன். பஸ்ஸில் கைக்குழந்தைக்காரிக்கு ஓர் ஆளை எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்த கண்டக்டரிடம், நல்ல காரியம் தம்பி என்றேன். ஆள் பூரித்துப்போய் வழியெல்லாம் விசில் ஊதினான். திரும்பும்போது அதே பஸ். எனக்கு முன் சீட்டு. ஜெயித்த நடை நடந்து வீட்டுக்கு வந்தேன். பல்வலியும் இல்லை.

ஜன. 18, சனி

இன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்? இஸ்மாயில் ராவுத்தரின் தோல்கட்டு.

ஷேக் ஷாப் வாசலுக்கே வந்துவிட்டார். மச்சான், ஒரே ஒரு நாள், கண்ணை மூடிக்கொண்டு முதல் தரம் போடுங்கள் என்றார். கட்டைப் பிரித்தேன். மேலேயே உண்ணி கடித்த தோல், கத்தி இறங்கிய தோல். செத்த நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நூர் முகம் வந்தது. அப்புறம் இரண்டாம் தரம் போட்டேன். வேறென்ன போட முடியும்?

க. சோறு மட்டும் வைத்தாள். நூர் என் முகத்தையே பார்க்கவில்லை.

ஜன. 19, ஞாயிறு

முடித்துவிட்டோம். அல்ஹம்துலில்லாஹ்.

ராவுத்தரும் அவர் மனைவியும் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். டீயைத் தொடவில்லை. நேற்றுப் போட்ட தரம் தெரியும் என்றார். க. கதவுக்குப் பின்னால் நின்றாள், வளையல் சத்தம் கூட இல்லை. ஷேக் கூரையைப் பார்த்தார். டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். பிறகு சொன்னேன்:

"தரம் தோலுக்குப் போட்டதுங்க, உங்களுக்கு இல்ல. ஊர்ல எல்லாரும் நல்ல தோலை மேல வச்சு ஓட்டையை உள்ள ஒளிப்பாக. நீங்க ஒருத்தர்தான் ஓட்டையை மேல வச்சு அனுப்புறீக. எத்தனையோ வருசமா உங்க கட்டை மட்டும் நான் உள்ள கிளறிப் பாத்ததே இல்ல. ஷாப்புல அம்புட்டுப் பேருக்கும் தெரியும். உங்ககிட்டதான் சொன்னதில்ல."

ராவுத்தர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எடுத்ததும் மனைவி பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றார். அவ்வளவுதான். பிறகு என்னிடம், "நேத்து நீங்க முதல் தரம் போட்டிருந்தா இன்னைக்குப் படியேறியிருக்க மாட்டேன், சம்பந்தி" என்றார்.

சம்பந்தி! க.வின் வளையல் இப்போது கேட்டது. ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார். ஃபாத்திஹா ஓதி, சீனி கொடுத்து, பேச்சு முடிவானது. நூர் உள்ளே சிரிப்பது கூடம் வரை கேட்டது. நான்தான் ஜெயித்தேன். இரண்டாம் தரம் போட்டு ஜெயித்தேன்!

ஜன. 20, திங்கள்

பனி குறைவு. ஷாப்புக்குக் கிளம்பும் நேரம். க. காபி கொண்டுவந்தாள். "ஏங்க, பையன் எப்படி இருப்பான்னு ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே நீங்க?" என்றாள்.

உண்மைதான். உயரமா குள்ளமா, எப்படி நடப்பான், எப்படிச் சிரிப்பான், ஒன்றையும் நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

க. டம்ளரை என் கையில் கொடுத்தாள். பிறகு, "நீங்க நல்ல மனுசங்க" என்றாள்.

காபி ஆறிப்போச்சு என்றேன். ஆறவில்லை.