சோறு அடுப்படியில் இருக்கு

சுதாகரனின் காலில் மாவுக்கட்டைப் பிரித்து மூன்று மாதமாகியும் அவன் கட்டிலை விட்டு எழவில்லை. அதற்காக நேற்று அவனோடு சண்டை போட்ட மனைவி கிருஷாந்தி, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகுமுன் கலண்டர் தாளின் பின்புறம் எழுதினாள்:

"சோத்த இன்னைக்கு கட்டில்கிட்ட வைக்கல. அடுப்படியில இருக்கு, எழும்பிப் போயி சாப்பிடுங்க. பத்து மணிக்கு ஒங்க தங்கச்சி வருவா, கதவ நீங்கதான் தொறக்கணும். 'படுத்துப் படுத்து எழும்பவே மனசு வரமாட்டேங்குது'ன்னீங்க. அதுக்குப் போயி சோம்பேறின்னுட்டேன், தப்புதான்."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, தாளின் அடியில் இடுக்கி எழுதினாள்:

"டாக்டர் நடக்கச் சொன்னப்ப வேணாம்னு தடுத்தவ நான்தான். மறுபடி மலையில வழுக்கி விழுந்துருவீங்களோன்னு பயம். அந்தப் பயம் இன்னும் போகல. இருந்தாலும் எழும்புங்க."