முள் பச்சையில் நின்ற காலை

ஜனவரி 20, செவ்வாய். கா. 6.10. பனி. மூச்சு அளக்கும் மீட்டரில் மகள் யாழினி ஊதியது 190.

மஞ்சள். 200க்குக் கீழே போனாலே மஞ்சள். ஆஸ்துமாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டை சமையலறைக் கதவில். பச்சை: தினமும் இழுக்கும் பழுப்பு இன்ஹேலர் பம்ப் மட்டும். மஞ்சள்: நீல பம்ப், ஓட்டம் கூடாது. சிவப்பு: நீல பம்ப், உடனே ஆஸ்பத்திரி. எட்டு வயதுப் பெண்ணுக்கே மனப்பாடம். பெரியவர்களுக்குத்தான் மண்டையில் ஏறவில்லை.

நேற்றிரவு பழுப்பு பம்ப் கொடுக்கவில்லையாம். கவிதா: "கொழந்த தூங்கிடுச்சுங்க. எழுப்ப மனசு வரல." இதற்குப் பெயர் தாய்ப்பாசம். கத்தினேன். போகியன்று தெருவெல்லாம் டயர் கொளுத்தியபோது ஜன்னலைத் திறந்து வைத்ததும் இவள்தான். அதற்கும் சேர்த்துக் கத்தினேன். யாழினி மீட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கம்பெனி. கம்ப்ரஸர் ஆபரேட்டர் மாரி மணிக்கு மணி காற்றழுத்தம் 7.0 என்று எழுதி வைத்திருக்கிறான். மீட்டரில் 6.2. கேட்டால், "கம்மியா எழுதுனா நீதான அண்ணாத்த, மேல வுழுந்து கடிக்கிற? ஏழுன்னா ஒரு பேஜாரும் இல்ல." மெமோ அடித்துவிட்டேன். நாளை கையில் கொடுக்க வேண்டும்.

21, புதன். கா. 6.15. 205.

பச்சை. நான் ஷூ மாட்டும்போது மீட்டரைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு நாள் கத்தினால் வீடு ஒழுங்காக ஓடுகிறது.

வெள்ளியன்று பள்ளியில் மாமல்லபுரம் டூர். அட்டை நகல், நீல பம்ப், அதில் மாட்டும் ஸ்பேசர் குழாய் மூன்றையும் டீச்சர் கையிலேயே கொடுத்தேன். "பத்திரமா வச்சிக்கிறோம் சார்."

கேஸ் புக்கிங். பைக் பின் டயர். மாரி லீவு, மெமோ பையிலேயே.

23, வெள்ளி. கா. 5.40. 210.

பச்சை. லேசாக இருமினாள். கவிதா: "பனியா கீதுங்க. அனுப்பித்தான் ஆகணுமா?" முள் பச்சையில் நிற்கும்போது என்ன கேள்வி இது. அனுப்பினேன்.

ம. 12.20. டீச்சர் போன். "சார், பாப்பா மணல்ல உக்காந்துகினு இருக்கா. பேச்சே வரல."

பம்ப்? "பஸ்ல சார், ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ்ல. டிரைவர் பூட்டிகினு சாப்பிடப் போயிருக்காரு."

அட்டை? "ஆபீஸ் ஃபைல்ல பத்திரமா இருக்கு சார்."

பத்திரம். டீச்சரே டிரைவரைத் தேடிப் பிடித்து, பம்ப் அடித்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரி. கவிதாவை ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக நான் போய்ச் சேர்ந்தபோது நெபுலைசர் புகைந்துகொண்டிருந்தது. முகத்தில் பாதி மாஸ்க். காலில் மணல்.

மூச்சு அடங்கியதும் டியூட்டி டாக்டரம்மா கேட்டார்: "காலையில எவ்ளோ ஊதுன?"

யாழினி என்னைப் பார்த்தாள். "அப்பாகிட்ட காட்டுனது இருநூத்திப் பத்து."

"நெசத்துல?"

"நூத்தி நாப்பது."

"அப்புறம் முள்ளு எப்டி மேல ஏறுச்சு?"

"வெரலால தள்ளிட்டேன். முந்தாநேத்தும்."

"டூருக்கு வுட மாட்டாங்கன்னா?"

"இல்ல. மஞ்சள் வந்தா அம்மாவுக்குத் திட்டு வுழும்."

கவிதா ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மா. 6.30. வீடு. 195. பக்கத்தில் நின்று பார்த்தேன். ஊதி முடித்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாள், முள்ளை அல்ல.

செய்ய வேண்டியவை:

1. தினமும் பக்கத்தில் நிற்பது. முள்ளோடு விலா இழுக்கிறதா, பேசினால் இளைக்கிறதா என்றும் பார்ப்பது.
2. நீல பம்ப் இனி அவள் பையில். பள்ளி முடியாது என்றால் அதை எழுத்தில் வாங்குவது.
3. மாரி மெமோ. கிழிப்பது.
4. அட்டையில் மஞ்சள் கட்டத்தில் டாக்டர் எழுதாத ஒரு வரி: 'அப்பா வாயை மூடவும்.' யாழினியையே எழுதச் சொல்வது.