ரெட் ஹில்லில் ஒரு கதிரை

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் ரோவில் புறநகர்த் தமிழ்ச் சனத்துக்குள் வைன் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடியவன் நான். இரண்டு மிடறு உள்ளே போனதும் தலையிடி மாத்திரை தேடுபவனும் நான்தான். ஆனாலும் ரெட் ஹில்லில், கடல் தெரியும் திராட்சைத் தோட்டம் ஒன்றில், மாதக் கடைசியில் இரண்டு இரவுக்கு அறை போட்டிருக்கிறேன். எல்லாம் என் மனைவி சிவாஜினிக்காக. மாமி, அவளின் அம்மா, இடுப்பு முறிந்து எங்களோடு வந்து இரண்டு வருசம். அதற்குப் பிறகு இவள் ஓர் இரவாவது முழுதாகத் தூங்கியதில்லை.

அறையின் படத்தில் கொடிகளுக்கு முன்னால் ஒரு வெறுங்கதிரை. "இதில போய் இருக்கோணும். ஒருத்தரும் 'பிள்ளை' எண்டு கூப்பிடக் கூடாது" என்றாள்.

மார்ச் 6, வியாழன்

மாமியைப் பார்த்துக்கொள்ள சிட்னியிலிருந்து சிவாஜினியின் தங்கை விமலா வருவதாக ஏற்பாடு. இன்று போன் எடுத்தாள். "அத்தான், நாங்களும் வாறமே. பெரிய வீடா எடுப்பம். பன்னிரண்டு பேர்தான். றைஸ் குக்கர் நான் கொண்டாறன்."

சிட்னியில் அவர்கள் இருக்கும் குவேக்கர்ஸ் ஹில்லில் ஓய்வு என்றால் அதுதான் போலும். வேண்டாம் என்றேன். கோபம். இப்போது அவளும் வரமாட்டாளாம்.

மார்ச் 11, செவ்வாய்

மாமியை இரண்டு நாளைக்கு மட்டும் முதியோர் இல்லத்தில் விடலாமா என்று மெதுவாகக் கதையைத் தொடங்கினேன்.

மாமி என்னோடு நேரே பேசுவதில்லை. கோபமில்லை, மரியாதை. மருமகனோடு முகம் பார்த்துப் பேசக் கூடாதென்ற பழக்கம். கல்யாணமாகி இருபத்தாறு வருசமாக, ஒரே மேசையில் இருந்துகொண்டே, "தம்பிக்குக் கறி காணுமோ எண்டு கேள் பிள்ளை" என்பார். இன்றும் மகளிடம்தான் சொன்னார்: "அவருக்குப் பாரமெண்டா கொண்டுபோய் விடட்டும்."

அந்தக் கதை அத்தோடு சரி.

மார்ச் 12, புதன்

களைப்பு.

மார்ச் 15, சனி

சிவாஜினி கார் டிக்கியை அளந்துகொண்டு நின்றாள். மாமியின் கழிவறைக் கதிரை அதற்குள் கொள்ளுமா என்று. மாமியையும் கூட்டிப் போவதாம். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. நீ தனியப் போ என்றேன்.

"சனம் என்ன கதைக்கும்? புருசனோட கோவிச்சுக்கொண்டு போட்டாள் எண்டெல்லோ."

"அதை நானே பரப்பிறன். மற்றவை சொன்னா பிழைபிழையாச் சொல்லுவினம்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "இரவில அம்மாவை ஆர் எழுப்பிறது? உங்களைத் தொட விடமாட்டா."

அது உண்மை. அந்த இரண்டு இரவுக்கும் ஒரு பெண்ணைச் சம்பளத்துக்குப் பிடித்தோம்.

மார்ச் 28, வெள்ளி

போய்விட்டாள். காரை எடுத்த பிறகும் இரண்டு தரம் இறங்கி வந்து மாமியின் மாத்திரைப் பெட்டியைக் காட்டினாள். நான் என்ன குழந்தையா? பகல் மாத்திரையை மறந்துபோனேன் என்பது வேறு கதை.

மார்ச் 30, ஞாயிறு

நேற்றிரவு அந்தப் பெண் வரவில்லை. காய்ச்சலாம். சிவாஜினிக்குச் சொல்வதா? சொன்னால் அந்த இருட்டிலேயே காரை எடுத்துவிடுவாள். சொல்லவில்லை.

மாமி கட்டில் விளிம்பில் அடக்கிக்கொண்டு இருந்தார். சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அவரைச் சிரமப்படுத்தக் கூடாது."

நானும் அதே சுவரைப் பார்த்தேன். "அவருக்குச் சிரமமில்லையாம்."

மாமி ஒரு தரம் தானாக எழும்பப் பார்த்தார். பிறகு, "கையைத் தாரும், தம்பி."

கழிவறைக்குப் போகும்போதும் வரும்போதும் நான் யன்னலைத்தான் பார்த்தேன். விடியும்வரை இப்படியே. கடைசித் தரம் கூப்பிடும்போது குரலில் கூச்சமில்லை, அதிகாரம் இருந்தது.

காலையில் சிவாஜினி போன் எடுத்தாள். பத்து மணிவரை படுத்தாளாம். இனித்தான் வெளியே போய் அந்தக் கதிரையில் கொஞ்சம் இருந்துவிட்டு வெளிக்கிடப் போகிறாளாம். மாமி கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"அந்தப் பெட்டை என்னை நல்லாப் பாத்தவள். ஏன் அவசரப்படுறாய்? இன்னுமொரு நாள் நிண்டிட்டு வா பிள்ளை."

என்னை ஒருவரும் கேட்கவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு, அறையை இன்னும் ஓர் இரவுக்கு நீட்டச் சொல்லிப் போன் எடுத்தேன்.