போனை வைக்காதவளுக்கு

போன வாரம் மருமகள் பயணப் பை கேட்டாள். பரணிலிருந்து நீலப் பையை இறக்கித் தூசி தட்டி, பக்க ஜிப்பைத் திறந்தேன். குப்பென்று நீலகிரித் தைல வாசனை. உன் பாட்டில்தான். மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்திருக்கிறாய். ஊரில் உள்ள எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்க்கிற மனுஷி, தைல மூடியை மட்டும் ஆயுசுக்கும் ஒழுங்காக மூடியதில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்துத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் பழகவில்லை. அன்றிலிருந்து மனசுக்குள் உன்னோடுதான் பேச்சு. நேற்று நடந்ததையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தி.நகர் ஜவுளிக்கடையில் நான் மாடியில் பட்டுப் பிரிவு, நீ கீழே டெலிவரி கவுண்டர். இருபத்திரண்டு வருஷம். என் வேலை பேச்சு. சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வருகிறவர்களை ஒரே கேள்வியில் உட்காரவைத்துவிடுவேன்: "எந்த ஊரும்மா நீங்க?" எந்த ஊரைச் சொன்னாலும் அங்கே எனக்கு ஒரு சித்தியோ பெரியப்பாவோ இருப்பார்கள். பாதி நிஜம், பாதி வியாபாரம். உன் வேலை அதற்கு நேர் எதிர். பில்லில் உள்ள நம்பரும் பார்சலில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்து, சீல் குத்தி, அப்புறம்தான் கையில் கொடுப்பாய். முதலாளி வீட்டம்மா வந்தாலும் பில்லைக் காட்ட வேண்டும். "மூஞ்சப் பாத்து குடுக்கறதுக்கு இது இன்னா கோயில் சுண்டலா?" என்பாய்.

அந்தப் புத்தியை நீ ஆட்டோவிலும் விடமாட்டாய். நான் பாட்டுக்கு ஏறி உட்கார்ந்திருப்பேன். நீ குனிந்து நம்பரைப் பார்த்து, பட்டினப்பாக்கத்தில் மீன் கடை போட்டிருக்கும் உன் அண்ணனுக்குப் போன் செய்து சத்தமாக வாசிப்பாய். "கோச்சுக்காத நைனா, நம்பர சொல்லிட்டு ஏர்றேன்" என்று டிரைவரிடம் ஒரு சிரிப்பு வேறு. ஒரு டிரைவரும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொண்டதெல்லாம் நான்தான். மானம் போகிறதடி என்பேன். "மானந்தானே போவுது, போவட்டும். நீ ஒழுங்கா வூட்டுக்குப் போய்ச் சேர்றியா இல்லியா?" என்பாய்.

அந்தமானுக்குப் போகலாம் என்று ஆரம்பித்தது நான். படத்தில் பார்த்த அந்தப் பச்சைக் கடலில் ஒருநாளாவது கால் நனைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. என் மகனுக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது, வீட்டுக்குத் தானே பெரிய மனுஷன் என்கிற நினைப்பும் கூடவே வந்திருந்தது. "ரெண்டு பொம்பளைங்க தனியாவா? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?" என்று ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தான். ஒன்றும் ஆகாது என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டுக் கிளம்பினேன். ஏதாவது ஆகியிருந்தால் அதுதான் என் கடைசிப் பயணம். உனக்கும் அது தெரியும்.

தீவில் இறங்கியதுமே நீ உன் கச்சேரியை ஆரம்பித்துவிட்டாய். ஓட்டலுக்கு முன்னாலேயே போன் போட்டு, வருகிற டிரைவரின் பேரைக் கேட்டு எழுதிவைத்திருந்தாய். விமான நிலைய வாசலில் ஒருவர் ஓடிவந்து பெட்டியில் கை வைத்ததும், "ஓட்டல்லேர்ந்துதானே வர்றீங்க?" என்று நான் வாயைத் திறக்கப் போனேன். நீ என் தொடையில் கிள்ளினாய். "யாரக் கூட்டினு போவ வந்துகீறேன்னு அவரு சொல்லட்டும். நீ எடுத்துக் குடுக்காத." அவர் விழித்தார். நம் பேர் அவருக்குத் தெரியவில்லை. நம் டிரைவர் பத்தடி தள்ளி அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மஞ்சள் போர்டா, உள்ளேயிருந்து கதவு திறக்கிறதா, எவ்வளவு கேட்கிறார், எல்லாம் முடிந்து நீ ஏறுவதற்குள் எனக்குப் பசியில் கண்ணைக் கட்டிவிட்டது.

இரண்டாம் நாள் படகில் போனதில் நீ வாந்தி எடுத்துச் சுருண்டாய். மூன்றாம் நாள் ஜுரம். மத்தியானம் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது, மறுநாள் மறுநாள் என்று என் கடல் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் போய்விட்டு வருகிறேன் என்றேன். "கீழ ஆபீசுல சொல்லி வண்டி வரவெச்சுப் போ. நம்பர எனக்கு சொல்லு" என்றாய். "நான் என்ன சின்னப்பிள்ளையா?" என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன். கீழே மேசையில் ஆளில்லை. காத்திருக்க எனக்குப் பொறுமையும் இல்லை.

வாசலைத் தாண்டியதும் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. "பீச்சாம்மா? வாங்க" என்றான் ஓட்டிவந்தவன். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பேச்சைக் கேட்டதுமே எனக்கு வாயெல்லாம் பல். "எந்தூரு தம்பி உங்களுக்கு?" என்றேன். "நமக்கு சுரண்டைம்மா. நீங்க?" "கடையநல்லூர்." "அட, நம்ம ஊருல்லா! பேச்சுலயே தெரிஞ்சிச்சே!" அவ்வளவுதான், ஏறி உட்கார்ந்துவிட்டேன். வெள்ளை போர்டு, சொந்த வண்டி, டாக்சியே கிடையாது. அதைப் பார்க்கவில்லை. எவ்வளவு என்று கேட்கவில்லை. கடையில் நான் மற்றவர்களை உட்காரவைத்த அதே கேள்வியில் நானே போய் உட்கார்ந்தேன், மடச்சி.

பத்து நிமிஷத்தில் பீச் என்றவன் முக்கால் மணி நேரம் ஓட்டினான். வழியில் ஒருவனை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டான். "யாரு தம்பி இது?" என்றதற்கு, "நம்ம ஆளுதாம்மா" என்றான். அதற்கப்புறம் அவன் ஊர்ப்பேச்சு நின்றுவிட்டது. இரண்டு பேரும் எனக்குப் புரியாத பாஷையில் பேசிக்கொண்டார்கள். கார் தார்ச்சாலையை விட்டுத் தென்னந்தோப்புக்குள் மண் பாதையில் திரும்பியது. குறுக்கு வழியாம். கதவுப் பிடியை மெல்ல இழுத்துப் பார்த்தேன். திறக்கவில்லை. என் மகனுக்கு அடித்துக்கொடுத்த சத்தியம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது போன் அடித்தது. "எங்க கீற?" என்றாய். "தெரியலடி" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் உனக்கு விளங்கிவிட்டது. "ஸ்பீக்கர்ல போடு" என்றாய். டெலிவரி கவுண்டரில் கூட்டத்துக்கு மேலே கேட்கிற உன் குரல் அந்தக் காருக்குள் கேட்டது.

"தம்பி, வெள்ள வண்டி, வெள்ள போர்டு. பின் கண்ணாடில மயில் படம் ஒட்டிகீது. நம்பர் சொல்றேன், கரீட்டான்னு பாத்துக்கோ." ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக வாசித்தாய். "ஓட்டல் ஓனரு என் பக்கத்துல நிக்கிறாரு. டாக்சி ஸ்டாண்டு ஆளுங்க நாலு பேரு வண்டி எடுத்துகினு கிளம்பிட்டாங்க. ஸ்டேஷனுக்கும் சொல்லியாச்சு. நீ ஒண்ணும் பேஜார் பண்ணிக்காத. வழி தவறிட்ட, அவ்ளோதான். ஏத்துன எடத்துலயே கொணாந்து வுட்டுடு. போன் மட்டும் கட்டாவக் கூடாது."

வண்டி நின்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்சீட்டில் இருந்தவன் இறங்கித் தோப்புக்குள் நடந்துவிட்டான். வண்டி திரும்பியது. அவர்கள் மனசில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

திரும்பி வந்த ஐம்பது நிமிஷமும் நீ பேசினாய். "இடது பக்கம் இன்னா தெரியுது?" "பெட்ரோல் பங்க்." "அப்பால?" "ஒரு சர்ச்." நான் அழ ஆரம்பித்தபோது அறையில் கிடந்த ஓட்டல் மெனுவை எடுத்து வரிசையாக வாசித்தாய். கோழி சூப், காளான் சூப், இறால் வறுவல், வஞ்சிரம். "வஞ்சிரமாம், போட்டோல பாத்தா சூரை மீன் மாறி கீது. ஏமாத்துக்காரனுங்க" என்றாய். அழுகையும் சிரிப்புமாக எனக்கு மூக்கு ஒழுகியது.

ஓட்டல் வாசலில் நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, தலைவிரி கோலமாய், போனைக் காதில் வைத்தபடி நீ நின்றாய். உன் பக்கத்தில் ஓனர் இல்லை. நாலு பேர் இல்லை. ஒருத்தரும் இல்லை. கீழே ஆபீஸ் அப்போதும் காலியாகத்தான் கிடந்தது. ஸ்டேஷனுக்குப் போட்ட போனை யாரும் எடுக்கவே இல்லையாம். நம்பர் மட்டும் நிஜம். நான் கதவைச் சாத்திவிட்டுப் போனதும் பால்கனிக்கு எழுந்துவந்து, வண்டியைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறாய். திட்டுவாய் என்று நினைத்தேன். "உள்ள வா, கஞ்சி கேட்டு வாங்கலாம்" என்றாய். உன் கை நெருப்பாய்க் கொதித்தது.

ஊருக்குப் போய்விடலாம், எனக்குக் கடலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ராத்திரி முழுக்கப் புலம்பினேன். விடிந்ததும் நீ எழுந்து தலை சீவிக்கொண்டாய். "இப்டியே பயந்துகினு போனேன்னு வெய்யி, அப்பால நீ உன் வூடு கீற மந்தைவெளியத் தாண்ட மாட்ட. கிளம்பு." ஓட்டலில் சொல்லி மஞ்சள் போர்டு வண்டி வந்தது. எல்லாவற்றையும் என்னைச் செய்யவைத்தாய். நம்பரை வாசித்து உன் அண்ணனுக்குச் சொன்னது நான். கதவைத் திறந்து பார்த்தது நான். டிரைவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, நமக்கு அவர் பாஷை தெரியாது. கரையில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, நாம் ஈரத்தோடு வந்ததும் சீட்டில் பழைய பேப்பரை விரித்துக் கொடுத்தார். கால் மட்டுமில்லை, முழுகியே எழுந்தேன் அந்தக் கடலில்.

கடையில் எல்லோரும் எப்படி இருந்தது என்று கேட்டபோது, "இவ முழுகினா, நா வாந்தி எடுத்தேன்" என்று முடித்துக்கொண்டாய். ஒருத்தரிடமும் சொல்லவில்லை. உன் அண்ணனிடம்கூட. அதனால்தான் அதற்குப் பிறகு மூணாறு, கோவா, இலங்கை என்று ஆறு பயணம் நமக்குக் கிடைத்தது. அந்த ஆறும் நீ எனக்குக் கொடுத்தது.

இப்போது மருமகள் விஷயம். கிண்டியில் கூட வேலை பார்க்கிற சிநேகிதியோடு பாலித் தீவுக்குப் போக டிக்கெட் போட்டிருந்தாள். என் மகன் பழைய பாட்டையே பாடினான். "ரெண்டு பேரும் தெரியாத ஊர்ல டாக்சில சுத்துவீங்களா? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?" அவள் பையை மடித்து ஓரமாக வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். எனக்குத் தாங்கவில்லை. இரண்டு பேரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ பத்து வருஷம் காப்பாற்றியதை நானே உடைத்தேன், மன்னித்துக்கொள். அவன் முகம் வெளுத்துவிட்டது. "அப்பவே ஏம்மா சொல்லல?" என்றான். "சொல்லியிருந்தா அப்புறம் என்னை எங்கயாச்சும் விட்டிருப்பியாடா?" என்றேன். மருமகள்தான் கேட்டாள்: "அந்த ஆன்ட்டி மாதிரி எனக்கு யாரு இருக்கா, அத்தை?" "நான் இருக்கேன், போ" என்றேன்.

நேற்று மத்தியானம் அவளிடமிருந்து போன். சிநேகிதி அறையில் தங்கிவிட்டாளாம், இவள் கடற்கரையிலிருந்து தனியாக டாக்சியில் திரும்புகிறாள், டிரைவர் வேறு வழியில் போகிறார். "ஒண்ணுமில்ல அத்தை, நீங்க சொன்னீங்களேன்னு போட்டேன்" என்றாள். நம்பரை எழுதிக்கொண்டேன். இடது பக்கம் என்ன தெரிகிறது என்று கேட்டேன். அவள்பாட்டுக்கு ஏதோ வாழைத்தோட்டம், ஏதோ கோயில், ஊர்வலம், அதனால்தான் வழியை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு போனாள். இருபதே நிமிஷம். ஓட்டலில் இறங்கிவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே வைத்தாள்.

போனைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்தேன். பாதி டம்ளரில், பாதி தரையில். அந்தத் தோப்பில் பயந்தவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேனடி. பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல், ஜுரத்தோடு, ஐம்பது நிமிஷம் எப்படிப் பேசினாய்? வஞ்சிரம் சூரையைப் போல இருக்கிறது என்று எப்படி உனக்குச் சொல்ல வந்தது? கேட்டிருந்தால் ஏதாவது கிண்டல் பண்ணியிருப்பாய். நான்தான் ஒருநாளும் கேட்கவில்லை.

நாளைக்கு மருமகளும் சிநேகிதியும் எரிமலை பார்க்கப் போகிறார்களாம். போய்விட்டு வா என்று சொல்லியிருக்கிறேன். போனுக்கு முழுசாகச் சார்ஜ் போட்டுவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் போனை வைக்கமாட்டேன்.