மாறும் என்று ஒரு சொல்

திருவனந்தபுரம்
புதன்கிழமை

அன்புள்ள மைனிக்கு, உங்கள் நாத்தனார் திவ்யலட்சுமி எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் அண்ணனிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: அந்த ஊசியில் உள்ளே போகும் செல்கள் அண்ணனின் காலில் என்னவாக ஆகும் என்று எனக்குத் தெரியாது. போடப்போகிறவர்களுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

நீங்கள் நலம்தானே. குவைத்தில் வெயில் கூடிவிட்டதாக அண்ணன் சொன்னார். இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல எழுதி, அடித்துவிட்டேன். உங்களுக்கு மெசேஜ் அனுப்ப எத்தனையோ முறை தட்டி அழித்தாயிற்று. இரண்டு வரியில் சொல்லப்போனால் பாதியில் நிற்கிறது. பாதியில் நின்றதால் வந்த வினைதான் இது. உங்கள் வார்டில் கூட வேலை பார்க்கும் நர்ஸ் ஷீஜா லீவு முடிந்து நாளை புறப்படுகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

அண்ணன் உங்களிடம் சுளுக்கு என்றுதான் சொல்லியிருப்பார். சுளுக்கு இல்லை. இடது குதிகாலுக்கு மேலே, கெண்டைக்கால் சதையைக் குதிகாலோடு பிணைக்கும் தசைநாண் நாள்பட்டு நைந்துபோயிருக்கிறது. பொன்முடி மலைப்பாதையில் இருபத்திரண்டு ஹேர்பின் வளைவு, பதினொரு வருடமாக பஸ் கிளட்சை மிதித்த கால். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் மூன்று மாதம் வண்டி எடுக்கக் கூடாது, டிப்போவில் லைட் டூட்டி கேட்டு வாங்குங்கள், தினமும் படியில் நின்று குதிகாலை மெல்ல இறக்கிப் பழகுங்கள் என்றார். அண்ணன் அதை ஏற்கவில்லை. டிப்போவில உட்கார்ந்து டைம் எழுதவா நான் வண்டி படிச்சேன் என்கிறார். யாரோ சொல்லி ஒரு தனியார் கிளினிக்கைப் பிடித்திருக்கிறார். இடுப்பெலும்பின் மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் எடுத்துக் காலில் ஊசியாகப் போடுவார்களாம். அடுத்த வாரமே வண்டி எடுக்கலாமாம். வரும் திங்கட்கிழமை நாள் குறித்தாகிவிட்டது.

லேபில் என் ஆராய்ச்சியும் இதே விஷயத்தில்தான். எலியின் தசைநாணிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து வளர்க்கிறோம். நாணுக்குள்ளேயே அப்படிக் கொஞ்சம் செல்கள் இருக்கின்றன. தேய்மானம் வரும்போது புது நாராக ஆக வேண்டியவை. நோய் முற்றிய இடத்தில் அவையே வழி தவறிவிடுகின்றன. சில கொழுப்பாகின்றன, சில எலும்பு போல இறுகுகின்றன. சுண்ணாம்பு படிந்த இடத்தைச் சிவப்பாகக் காட்டும் சாயம் ஒன்று உண்டு. போன மாதம், நார் வரும் என்று மூன்று வாரம் காத்திருந்த தட்டில் அதை ஊற்றினேன். தட்டு முழுக்கச் சிவப்பு.

வெளியிலிருந்து போடும் செல்கள் சிலருக்கு வலியைக் குறைத்ததாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. செல்தான் குறைத்ததா, கூடவே எடுத்த ஓய்வா, கடந்துபோன நாட்களா என்று பிரிக்க முடியவில்லை. ஆய்வுக்கு வெளியே இதைச் சிகிச்சையாகக் கொடுக்க நம் நாட்டில் அனுமதியும் இல்லை. அண்ணனுக்குக் குணமாகாது என்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது மைனி. படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

அந்த வியாழக்கிழமை, மாலை டிரிப்புக்கு முன்னால் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் காலை எதிர் ஸ்டூலில் நீட்டியிருந்தார். மக்கா, நீதான் படிச்சவ, இந்தச் செல்லு உள்ள போனா என்ன செய்யும், ஒத்த வார்த்தையில சொல்லு என்று கேட்டார். மாறும் என்றேன். ஸ்டெம் செல் வேறொன்றாக மாறும். லேபில் நாள் முழுக்க என் மனதில் ஓடுகிற சொல் அது. எதுவாக மாறும் என்பதுதான் கேள்வி என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணன் காலைக் கீழே வைத்துவிட்டார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நீங்கள் திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், காய்ச்சல் மாறிச்சா என்று அம்மா கேட்க, என்னவா மாறணும் அத்தே என்று விழித்தீர்களே, நினைவிருக்கிறதா? மலையாளத்திலேயே டாக்டரிடம் வலியைச் சொல்லிப் பழகிய எங்களுக்கு மாறும் என்றால் குணமாகும். அண்ணன் கேட்டதும் அதைத்தான்.

கண்டக்டர் சுபின் நேரமாயிற்று என்று கூப்பிட வந்தார். என் தங்கச்சி சொல்லிட்டாடே, மாறும்னு, என்று அண்ணன் அவர் தோளில் தட்டினார். அப்போ இனி டாக்டர் எதுக்கு, ஆராய்ச்சிக்காரி ஸாங்ஷன் ஆக்கியாச்சு அல்லே என்று சுபின் சிரித்தார். வண்டி கிளம்ப ஐந்து நிமிடம் இருந்தது. ஜன்னலுக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அண்ணன் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இதற்காகவே கழக்கூட்டம் ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போனேன். நம்ம வீட்டுலேயே ஒரு டாக்டரு இருக்கு என்று சொல்லி அண்ணன் என் இலையில் இன்னொரு கரண்டி அவியலை வைத்தார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அண்ணன் தப்பாகப் புரிந்துகொண்டாரா, அந்தத் தப்பு எனக்கும் வேண்டியிருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். பதில் தினம் ஒன்றாக இருக்கிறது.

ஊசி வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. திங்கட்கிழமைக்கு முன்னால் கூப்பிட்டு, மூன்று மாதம் வண்டியை விட்டு இறங்கச் சொல்லுங்கள். அந்த நாண் ஒரு வளைவில் அறுந்தால் பின்னால் நாற்பது பேர் இருப்பார்கள். நான் எழுதினேன் என்றே சொல்லுங்கள். என் மேல் கோபப்படட்டும். உங்கள் பேச்சுக்கு அண்ணன் இறங்கி வருவார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு டூட்டி சேர்த்துப் பார்க்காதீர்கள்.

உங்கள் அன்பு மறவாத,
திவ்யலட்சுமி

*

திருவனந்தபுரம்
சனிக்கிழமை

அன்புள்ள மைனிக்கு,

நீங்கள் கூப்பிட்டபோது அண்ணன் எல்லாவற்றுக்கும் சரி என்று சொன்னதாக மெசேஜில் எழுதியிருந்தீர்கள். ஆனால் திங்கட்கிழமை காலை லீவு போட்டுவிட்டு, சுபினைக் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டுக்கொண்டார். வலி இல்லை என்கிறார். நேற்று முதல் பொன்முடி வண்டியை அவர்தான் ஓட்டுகிறார்.

திவ்யா